பிரிப்பு இல்லாத விடை

பூங்கோதையின் குழுவில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஒருவரும் சட்டை செய்வதில்லை. புரிந்தால் பிரித்துச் சொல். பிரிக்கத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு. சட்டம் அவ்வளவுதான்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று சுற்றுவட்டாரத்தில் முப்பது முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். குழுவுக்கு 'ஞாயிறு கட்டம்' என்று பெயர். ஞாயிறு காலையில் பூங்கோதை குறிப்புகள் எழுதிக் குறுக்கெழுத்துப் புதிரை அனுப்புவாள். சாயங்காலத்துக்குள் விடைகள் வந்து சேரவேண்டும். உதாரணம் ஒன்று சொன்னால்தான் விளங்கும். 'கிரீடம் முதலை இழந்தால் தண்ணீர் சுமக்கும்', மூன்றெழுத்து. முதலை என்றதும் ஆறு குளம் என்று தேடிப் போகிறவன் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான். கிரீடம் என்றால் மகுடம். அதன் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் குடம். தண்ணீர் சுமப்பது குடம்தானே.

வெறுமனே 'குடம்' என்று அனுப்பினால் செல்லாது. மகுடம் எப்படிக் குடம் ஆயிற்று என்று கூடவே எழுதவேண்டும். அதற்குப் பிரிப்பு என்று பெயர். சிலசமயம் குறுக்கே போகும் எழுத்துகளை வைத்து விடை தானாக விழுந்துவிடும், பிரிப்பு மட்டும் பிடிபடாது. அப்போது விடைக்குப் பக்கத்தில் 'குத்துமதிப்பு' என்று யோக்கியமாக எழுதிவிடவேண்டும். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எழுதாமல் மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களைத்தான் பூங்கோதை வறுத்தெடுத்துவிடுவாள்.

பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரிவைக் கட்டி மேய்க்கிற அந்த ஐம்பது வயதுப் பெண்மணிக்கு வீட்டிலும் இதே வழக்கம். காரணம் கேட்காமல் அவளிடம் எதுவும் நகராது. வேலைக்காரி ஒருநாள் லீவு கேட்டாலும் பிரிப்பு வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் தங்கை கனகவல்லி போன் பண்ணி, மாமியாருக்குத் தன் கிட்னியைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற குரலில் சொன்னாள்.

அன்றைக்கே கிணத்துக்கடவுக்குக் கிளம்பிப் போனாள். கனகு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளறையில் மாமியார் தெய்வாத்தாள் டயாலிசிஸ் முடிந்து வந்த அசதியில் படுத்திருந்தாள்.

"உன்ர வீட்டுக்காரர் மயில்சாமி குடுக்கட்டும். அவரோட அம்மா தானே."

"அவருக்கு ரத்தம் சேரலைக்கா. எனக்குச் சேருது."

"உனக்குச் சர்க்கரை வரலாமா வேண்டாமான்னு எல்லையில நிக்குது. ஒண்ணைக் குடுத்துட்டு, மிச்சம் இருக்கறதும் நாளைக்கு மக்கர் பண்ணுச்சுன்னா?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில உக்கார வெச்சுச் சொன்னாங்க. புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது? பிரிச்சுச் சொல்லு."

கனகு கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புரிஞ்சுதுன்னா புரிஞ்சுதுதான். இதென்ன உன்ர கட்டமா, பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றதுக்கு?"

"ஏன் குடுக்கறே? அதையாவது சொல்லு."

"குடுக்கணும்னு இருக்குது. குடுக்கறேன்."

பூங்கோதை எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். மாமியார் மிரட்டினாளா, மயில்சாமி வற்புறுத்தினானா, ஊர் என்ன சொல்லும் என்று பயமா. எல்லாவற்றுக்கும் கனகு இல்லை என்று தலையாட்டினாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவுதான் பூங்கோதையைப் பதறவைத்தது. காரணம் சொல்லத் தெரியாதவளுக்கு இத்தனை தெளிவு எங்கிருந்து வந்தது?

"உம்மேல சத்தியமா யாரும் ஒண்ணும் சொல்லலைக்கா. அந்த ஆலோசனை ரூம்ல இருந்த பிளாரன்ஸ் மேடம் தங்கமானவங்க. தலையில மாட்டற மாதிரி ஒரு பட்டைகூட வெச்சிருந்தாங்க. பயமில்லாமப் புரியறதுக்காம்."

பூங்கோதை சட்டென்று நிமிர்ந்தாள். "கறுப்புப் பட்டையா? காதுக்கு மேல ரெண்டு பொட்டு மாதிரி வெச்சு?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பட்டையை அவளுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறு கட்டத்தில் இன்பநாதன் என்று ஒருவர் உண்டு. மூளை ஆராய்ச்சிக்காரர், புதிரிலும் கெட்டிக்காரர். குழுவில் பத்துப் பேரைத் தன்னுடைய ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மனிதனுக்கு ஒன்று புரிகிற அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்யவேண்டும், அதற்குப் புதிர் போடுகிறவர்களைவிடத் தோதான ஆள் கிடையாது, அவர்களுக்குத்தான் பளிச்சென்று வெட்டினாற்போலப் புரிகிறது என்றார். எல்லோரும் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, தலையில் பட்டையோடு புதிர்களை விடுவித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பூங்கோதையின் பதிவுதான் இருப்பதிலேயே சுத்தம் என்று இன்பநாதன் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் ஒருவர் விடாமல் பீற்றிக்கொண்டாள்.

அந்தப் பதிவு பிறகு எங்கே போயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. மறுநாள் ஆய்வகத்தில் போய் நின்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிகளுக்குப் போகுதுங்க. நல்ல காரியத்துக்குத்தான்," என்றார் இன்பநாதன். காப்பி வரவழைத்தார். "ஆபரேஷன்னு சொன்னாலே சனங்களுக்குக் காது அடைச்சுப்போகுது. டாக்டர் மணிக்கணக்கா விளக்குவார், ஒண்ணும் ஏறாது. இப்ப இந்தப் பட்டைய மாட்டி விட்டுட்டு, விளக்கம் சொல்றப்பப் பொத்தானை அமுக்கினாப் போதும். நமக்கெல்லாம் ஒரு குறிப்பு பிடிபடறப்ப உள்ள ஒண்ணு சொடக்குப் போடுமே, அந்தச் சொடக்கு அவங்களுக்கும் விழுகும். புரிஞ்சுபோயிரும்."

"புரிஞ்சுபோயிருமா, புரிஞ்ச மாதிரி இருக்குமா?"

இன்பநாதன் காப்பியை ஆற்றினார்.

"எனக்குப் போட்டுக் காட்டுங்க."

"உங்களுக்கு வேண்டாங்க. அதுல ஓடறதே உங்க பதிவுதான். இருக்கறதுலயே அதுதான் நல்லா வேலை செய்யுது."

"அப்ப என்னை ஒண்ணும் பண்ணாது. போடுங்க."

அவர் தயங்கித் தயங்கிப் பட்டையை எடுத்துவந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கொடுத்திருந்த குறிப்பு ஒன்றை ஞாபகப்படுத்தினார். 'செய்யுளை அடுத்து ஜால்ரா தட்டினால் கீழுலகம்', நாலெழுத்து.

"விடை என்னங்க?"

"என்னையே கேக்கறீங்களா? பாதாளம். செய்யுள்னா பா. ஜால்ரான்னா தாளம். சேர்த்தா பாதாளம்."

இன்பநாதன் பட்டையை அவள் தலையில் மாட்டினார். சின்னதாகச் செருமிக்கொண்டார்.

"பாதாளம் இல்லைங்க, வெள்ளரி. செய்யுள்னாலே பசுமை. ஜால்ரா உருண்டை. பச்சையா உருண்டையா இருக்கறது எது? கீழுலகம்னா தரை. கொடி தரையிலதானே படருது?"

பொத்தானை அமுக்கினார்.

பிடரியிலிருந்து இளஞ்சூடாக ஏதோ ஏறியது. அட, ஆமாம். வெள்ளரி. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? நாலெழுத்துக்கும் கச்சிதமாக உட்காருகிறதே. பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே எழுதிய குறிப்புக்கு விடையைத் தப்பாக வைத்திருந்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"பிரிச்சுச் சொல்லுங்க," என்றார் இன்பநாதன் மெதுவாக.

"செய்யுள் வந்து பச்சை," என்று ஆரம்பித்தாள். வாய் அப்படியே நின்றது. செய்யுள் எப்படிப் பச்சையாகும்? ஜால்ரா எங்கே உருண்டை, அது தட்டையல்லவா? ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. ஆனாலும் வெள்ளரி சரி. உள்ளே அத்தனை உறுதியாக, அம்மாவின் முகம் அம்மாவின் முகம்தான் என்பதுபோல, வெள்ளரி சரியாக இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டையைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். ஒரு காகிதத்தை இழுத்து பா, தாளம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. வந்தும் என்ன, பாதாளம் என்பது யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விடை மாதிரியும், வெள்ளரி தன் வயிற்றில் பிறந்த விடை மாதிரியும் இருந்தது.

"இது எப்பப் போகும்?"

"போகாதுங்க. புரிஞ்சது புரிஞ்சதுதான். நீங்களா உக்காந்து அடிச்சுத் திருத்தினாக் கொஞ்சங் கொஞ்சமா மாறலாம்."

"அறிவிருக்குதாங்க உங்களுக்கு?" என்று பாய்ந்தாள். "குத்துமதிப்புன்னு எழுதாம ஒரு விடை அனுப்பினா நாம ஆளை விடமாட்டோம். நீங்க ஊரையே குத்துமதிப்பு ஆக்கி வெச்சிருக்கீங்களே."

"டாக்டருங்க உண்மையத்தானே சொல்றாங்க. பொய் சொல்ல யாரும் இதைக் குடுக்கலைங்க."

"எந்த உண்மை? 'ஒண்ணும் ஆகாது'ங்கறதும் உண்மை, 'ஆனாலும் ஆகலாம்'ங்கறதும் உண்மை. எதைச் சொல்றப்ப அமுக்கறாங்க? பொத்தான் யார் கையில இருக்குது?"

இன்பநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பூங்கோதை தங்கையின் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் தலையிலிருந்து எடுத்த சொடக்கை வைத்தே தன் தங்கையை அறுக்கப் போகிறார்கள் என்கிற நினைப்பு அவளைத் துடிக்கவைத்தது.

"நான் என்ன பேசினாலும் இனி அவளுக்கு ஏறாது. நம்ம பேச்சுக்குச் சொடக்கு விழுகாதே. இந்தப் பட்டைய எனக்கு ஒரே ஒருக்கா குடுங்க."

"அது தப்புங்க."

"தப்புத்தான். குடுங்க."

இன்பநாதன் பட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "உண்மைய மட்டும் சொல்லுங்க," என்றார்.

கனகுவுக்குத் தலைவலி அடிக்கடி வரும். அது அக்காவுக்கு வசதியாகப் போயிற்று. தலைவலிக்கு நல்லது என்று சொல்லி மாட்டிவிட்டாள். கனகு மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். சின்ன வயதில் பேன் பார்க்க அக்கா கூப்பிட்டாலும் அவள் இப்படித்தான் வந்து உட்காருவாள்.

பூங்கோதை உண்மையைத்தான் சொன்னாள். உனக்குச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். வந்தால் இருக்கிற ஒரு கிட்னியும் கெடலாம். உன் மகள் இன்னும் காலேஜைத் தாண்டவில்லை. உன் மாமியாருக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. நீ கொடுக்கக்கூடாது.

கடைசி வாக்கியத்தில் அமுக்கினாள்.

கனகுவின் கண் அகலமாக விரிந்தது. "ஐயோ, ஆமாக்கா," என்றாள். "நான் எப்படி இதை யோசிக்காம இருந்தேன்?" அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பூங்கோதையும் அழுதாள். தங்கையைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்ட நிம்மதி அவளுக்கு.

கனகு அன்றைக்கே புருஷனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். தெய்வாத்தாள், "நல்லதாப் போச்சு கண்ணு, நான் வேண்டாம்னுதானே சொல்லீட்டிருந்தேன்," என்றாளாம். இதைக் கேட்டதும் பூங்கோதைக்கு லேசாக ஏதோ நெருடியது. கிழவி பசப்புகிறாள் என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நியாயம் கேட்காமல் விட்டால் அவள் பூங்கோதை இல்லையே. அந்த ஆஸ்பத்திரிக்கே போய், ஆலோசனை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து பிளாரன்ஸை ஒரு பிடி பிடித்தாள். மனுசங்களை மயக்கிக் கையெழுத்து வாங்குகிறீர்களா, என் தங்கை என்ன சொன்னோம் ஏன் சொன்னோம் என்றே தெரியாமல் நிற்கிறாள், உறுப்பு தானக் கமிட்டிக்குப் புகார் கொடுக்காமல் விடமாட்டேன் என்று மூச்சு வாங்கப் பேசினாள்.

பிளாரன்ஸ் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி, கண்ணில் தூக்கம் போதாத களைப்பு.

"கனகவல்லியா? அவங்க பட்டைய மாட்டவே இல்லீங்களே," என்றாள்.

"என்னது?"

"உறுப்பு குடுக்கறவங்க பேசறதை வீடியோ எடுத்தே ஆகணும்ங்க. நீங்களே பாருங்க."

திரையில் கனகு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிளாரன்ஸின் கை பட்டையை நீட்டுகிறது. கனகு அதைப் பதமாக ஒதுக்கி வைக்கிறாள். "இதெல்லாம் எதுக்குங்க. நான் எப்பவோ முடிவு பண்ணீட்டேன்," என்கிறாள்.

என்ன ஆபத்து என்று தெரியுமா என்று பிளாரன்ஸ் கேட்கிறாள். கனகு ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்கிறாள். பின்னால் தனக்கே டயாலிசிஸ் வரலாம் என்கிறாள். மகளிடம் சொல்லிவிட்டதாகவும், அவள் இரண்டு நாள் அழுதுவிட்டுச் சரி என்றதாகவும் சொல்கிறாள். பூங்கோதை அன்று சோபாவில் வைத்துச் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

"அப்புறமும் ஏம்மா குடுக்கறீங்க?"

திரையில் கனகு சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"எனக்கு ரெண்டாவது கொழந்தை தங்காமப் போச்சுங்க. அப்ப எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னாங்க. எங்கக்காகூட வந்து டாக்டர் ஏன் கவனிக்கலை, எந்த மாத்திரை குடுத்தாங்கன்னு கேட்டுட்டிருந்தா. அத்தை மட்டும் ஒண்ணும் கேக்கலை. மாசக்கணக்கா ராத்திரியானா வந்து எம்பக்கத்துல பேசாமப் படுத்துக்குவாங்க. அவ்வளவுதானுங்க." கனகு லேசாகச் சிரித்தாள். "அதுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்னு எங்கக்கா கேப்பா. அவகிட்ட இதைச் சொல்ல முடியாது. பிரிக்கச் சொல்லுவா."

படம் நின்றுவிட்டது. பூங்கோதை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டை அந்த அறையில் இருந்தது என்று கேள்விப்பட்டாளே தவிர, மாட்டினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கையிடம் ஓயாமல் பிரிப்பு கேட்டவள், தன்னுடைய விடைக்குப் பிரிப்பு தேடவே இல்லை. தங்கையின் தலையில் யாரும் கை வைக்கவில்லை. வைத்தவள் அவள் ஒருத்திதான்.

"அவங்க மனசு மாறினதுக்குக் காரணம் என்னன்னு கேட்டேங்க," என்றாள் பிளாரன்ஸ். "'புரிஞ்சுது'ன்னு மட்டும் சொன்னாங்க. வேற ஒண்ணுமே சொல்லத் தெரியலை. அன்னிக்கு அத்தனை பேசினவங்க. எனக்கே திக்குனு ஆயிருச்சு."

பூங்கோதை எப்படிக் கிணத்துக்கடவு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கனகு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் தெய்வாத்தாளின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது. பூங்கோதை டிவியை அணைத்துவிட்டுத் தங்கையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து கனகு பார்த்ததில்லை.

"கனகு, நான் பாவி. நீ தெரிஞ்சுதான் சரின்னே. நாந்தான் உன் மனசை மாத்திட்டேன். அது தலைவலிப் பட்டை இல்லை."

எல்லாவற்றையும் சொன்னாள். இன்பநாதன், பொத்தான், வீடியோ. தங்காமல் போன குழந்தையையும், பேசாமல் வந்து படுத்துக்கொண்ட அத்தையையும் தங்கை தன் வாயால் சொன்னபடியே திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது.

கனகு பொறுமையாகக் கேட்டாள். விளங்காத பாஷை பேசுகிற விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி தலையைத் தலையை ஆட்டினாள்.

"அத்தை படுத்துக்குவாங்கதான். ஞாபகம் இருக்குது. அதுக்குப் போய் யாராச்சும் கிட்னி குடுப்பாங்களாக்கா?"

"நீ குடுக்கறதா இருந்தே கனகு."

"இருந்தேன். ஏன்னுதான் தெரியலை." அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தாள். முகம் வாடியது. அக்கா இவ்வளவு அழுகிறாளே, தனக்கு ஒன்றும் ஏறவில்லையே என்று அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கவேண்டும். பூங்கோதையின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலைக்கா. அன்னிக்கு மாட்டி விட்டியே, அதை மாட்டிட்டுச் சொல்லேன். புரிஞ்சுரும்."

சொல்லிவிட்டு, பூ வைக்கக் காட்டுகிறவள்போல் தலையை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.